கதவு விழாத கால்

நோலின் டலக் கொடுத்த நாய் இல்லாத வீடு எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் மான் வளர்க்கிறவர்கள், அவர்களை விட்டுவிடலாம். ஆடு வைத்திருக்கிற மற்ற எல்லார் வீட்டிலும் கூண்டுக்குள் படுத்திருப்பது அவள் கொடுத்த நாய், இல்லையென்றால் அந்த நாயின் மகன், பேத்தி என்று ஏதோ ஒன்று.

கொடுத்த நாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வேலைக்கார நாயின் குட்டியை அவள் யாருக்கும் விற்றதில்லை. கேட்டு வருகிறவர் ஒரு ஆட்டுத் தொடையோ ஒரு விஸ்கி பாட்டிலோ கொண்டுவருவார். நோலின் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, ஆளை ஏற இறங்கப் பார்ப்பாள். பிடிக்கவில்லையென்றால் குட்டி கிடையாது, விஸ்கியும் திரும்ப வராது. ஊருக்கு மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் ஒருவர் தன் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு குட்டி வேண்டும் என்று வந்து நின்றார். "ஓட்டம் வேணுங்கறது உங்க பிள்ளைங்களுக்கு, என் குட்டிக்கு வேணுங்கறது வேலை. ஒரு மலைய வாங்கிட்டு வாங்க, தரேன்" என்று அனுப்பிவிட்டாள்.

அவள் மலைக்காரியாகப் பிறந்தவள் இல்லை. கோர் ஊரில் கசாப்புக் கடைக்காரர் மகள். ஆலெக் டலக்கைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்தின் தெற்கே ஒடாகோவின் இந்த மூலைக்கு வந்தபோது ஆட்டை அவள் தொங்கவிட்ட நிலையில்தான் அதிகம் பார்த்திருந்தாள். ஆலெக்குக்குத்தான் மலை ஒத்துவரவில்லை. சில வருஷங்களில் கேன்டர்பரி சமவெளிப் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். வேறு பெண் என்று ஊரில் பேசிப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை. சமதரை மேல்தான் அவனுக்கு ஆசை. நோலின் மலைக் குத்தகையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, ஆட்டையும் நாயையும் வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு இருந்துவிட்டாள். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழ்ப்பாதி வரைக்கும் பைக் போகும். மேலே பாறையும் மஞ்சள் புல்லும்தான். அங்கே காலும் நாயும் மட்டுமே செல்லும். குரைத்து விரட்டுகிற நாய் ஒரு ஜாதி. நோலின் வளர்ப்பது இன்னொரு ஜாதி. வாயே திறக்காது. வட்டம் போட்டு ஆட்டுக்கு அந்தப் பக்கம் போய், வயிறு தரையில் உரச நின்று ஒரு பார்வை பார்க்கும். ஆடு தானாக இறங்கி வரும். அப்படி ஒரு நாய் இல்லாமல் அந்தக் குத்தகையை வைத்திருப்பது வீண். நாய் இல்லாமல் முதல் பனிக்கு முன்னால் ஆட்டை இறக்க முடியாது, இறக்காத ஆடு பிழைக்காது.

அவளிடம் இப்போது இருந்த நாய் ஃபெர்ன். லார்க் என்ற தாய் நாயின் ஒரே ஈற்றில் வந்தவள். லார்க் செத்துப்போயிற்று. அந்த ஈற்றில் ஃபெர்னை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நோலின் வழக்கம்போல் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டாள். ஃபெர்ன் மாதிரி ஒரு நாய் லார்க் வழியிலேயே அதற்கு முன்னால் வந்ததில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஒரே ஒரு குறை. ஓடுகிற ஓட்டத்தில் திடீரென்று இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு தத்துவாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் காலை ஊன்றி ஓடுவாள்.

அந்தத் தத்தலுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். மர்டோ ரெனியின் கதவு.

மர்டோ ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, தனி ஆள். ஃபெர்ன் கைக்குட்டியாக இருந்த வருஷம் மயிர் கத்தரிக்கிற நாட்களில் நோலினுக்கு உதவ வந்திருந்தான். மூட்டைகளை வெளியே எடுக்க வசதியாகப் பட்டிக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தவன், ஒரு கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. காற்று அடித்தது, கதவு விழுந்தது, அடியில் குட்டியின் இடது பின்னங்கால். கொஞ்ச நாள் நொண்டிவிட்டுச் சரியாகிவிட்டாள். ஒரு வயது ஆகும்போது தத்தல் ஆரம்பித்தது. மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மா போகிற போக்கில் அந்தக் காலைப் பிடித்துப் பார்த்து, முட்டிச் சில்லு நழுவுகிறது என்றாள். அடிபட்டதா, பிறவியா என்று கேட்டாள். பிறவி என்றால் இவளை ஈனவிடாதீர்கள் என்றும் சொன்னாள். நோலின் கதவைக் கைகாட்டினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நோலின் ஒரு நாளும் மர்டோவைக் குறை சொன்னதில்லை. ஊர் சொன்னது. மதுக்கடைக்குள் அவன் நுழைந்தால் யாராவது எழுந்துபோய்க் கதவைத் தாங்கிப் பிடிப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். ஆனால் அதற்குப் பிறகு நோலின் வீட்டு வேலி சாய்ந்தால் அவள் சொல்வதற்கு முன்னால் வந்து நிற்பான். குளிர்காலத்துக்கு விறகு வரும். ஏன் எதற்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஃபெர்னுக்கு வயது ஐந்து முடிந்தது. இப்போது ஈனவில்லையென்றால் இனி இல்லை. மர்டோவிடம் க்ளைட் என்று ஒரு கடுவன் நாய் இருந்தது, பெரிய பந்தயங்களில் பேர் வாங்கியது. தெற்கே பல ஊர்க்காரர்கள் தங்கள் பெட்டையைக் கொண்டுவந்து காத்துக்கிடப்பார்கள். கடுவன்காரனுக்கு ஈற்றில் முதல் தேர்வு என்பது எங்கள் வழக்கம். மர்டோ அதுவும் வேண்டாம் என்றான். ஃபெர்ன் பருவத்துக்கு வந்ததும் க்ளைட்டைக் கூட்டி வருகிறேன், எல்லாக் குட்டியும் உனக்கே என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்லும்போது அவன் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியதை நோலின் பார்த்தாள். குட்டிகளுக்கு அப்போதே ஆள் சேர்ந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஃபெர்னுக்குப் பிறகு மலை ஏற ஒரு பெட்டை.

மார்ச்சில், நாய்கள் ஆடு மடக்கிக் காட்டுகிற பந்தயம் வந்தது. அன்றைக்கு ஃபெர்ன் முறை முடிந்து, நோலின் டீக் கூடாரத்துக்கு வெளியே கையில் சீஸ் ரோலோடு நின்றுகொண்டிருந்தாள். மைதானத்தில் தமாதியின் முறை. தமாதி மேற்கே பெரிய பண்ணை ஒன்றில் மேய்ப்பன், முப்பது வயதுப் பையன். அவன் நாய் ராய், ஃபெர்னோடு பிறந்தவன். கொடுத்த பிறகு நோலின் ராயைப் பார்த்ததில்லை. ராய் மூன்று ஆடுகளை நோக்கி வட்டம் போட்டு ஏறினான். பாதி ஏற்றத்தில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு தத்தினான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் காலை ஊன்றி ஓடினான்.

நோலின் வாய்க்குப் போன சீஸ் ரோலைக் கீழே இறக்கினாள்.

தமாதி முடித்து வந்ததும் காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அதுவா? பொடியனா இருக்கறப்போ ஒரு கிடாகிட்ட வம்புக்குப் போனான், வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்றான் தமாதி. "வேலைல கொறை சொல்ல முடியாது நோலின். என்ன, போன குளிருக்கு உச்சியில கால் சுத்தமா வேல செய்யல. தோள்ல போட்டுத்தான் எறக்கிட்டு வந்தேன். நல்ல கனம்."

கூடாரத்துக்குள் டீ ஊற்றிக்கொண்டிருந்த எட்னா புல்லரிடம் இன்னொரு உடன்பிறப்பு இருந்தது. உன் பெட்டை எப்படி இருக்கிறாள் என்று நோலின் பொதுவாகக் கேட்டாள். எட்னா சந்தோஷமாகச் சொன்னாள்: நன்றாக இருக்கிறாள், சினையாக இருக்கிறாள், கால்தான் அவ்வப்போது தத்தும், குட்டியில் முயல் வளைக்குள் விட்டுவிட்டாள். வரிசையில் நின்ற ஸ்டூவர்ட் ஹாகர்ட்டும் பேச்சில் சேர்ந்துகொண்டான். அவனிடம் இருப்பதும் லார்க் பிள்ளைதான். அவனுடையதும் தத்தும். அவன் பைக் சாய்ந்து காலில் விழுந்ததாம். எந்த மேட்டில், எந்தச் சேற்றில் என்று கையை ஆட்டி விவரமாகச் சொன்னான்.

ஒரு கிடா, ஒரு முயல் வளை, ஒரு பைக், ஒரு கதவு. நோலினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் நொண்டுகிற நாய்க்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை, ஆளுக்கு ஒன்று கைவசம் இருக்கும். நாங்கள் யாரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. கிடா முட்டியது நிஜம், பைக் விழுந்ததும் நிஜம். மலையில் வளர்கிற குட்டி மேல் எதுவும் விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

சிரிப்பு வண்டி வரைக்கும் வந்தது. பிக்கப்பின் பின்பலகையை இறக்கிவிட்டு, குனிந்து, ஒரு கையை ஃபெர்னின் நெஞ்சுக்கடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலைக்கார நாயை யாரும் தூக்கி வண்டியில் ஏற்றுவதில்லை. பலகை மூடியிருந்தாலும் அது தாவி ஏறும். பக்கத்து வண்டிகளில் எல்லாம் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தன. தான் எப்போதிலிருந்து இவளைத் தூக்குகிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. கை தானாகப் பழகிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கிற அறைத் தரையில் ஃபெர்னைச் சாய்த்துப் படுக்கவைத்தாள். இடது முட்டியை விட்டுவிட்டு, கதவு விழாத வலது முட்டியைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் காலை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை, பார்க்கக் காரணமும் இல்லை. கட்டை விரலால் மெல்லத் தள்ளினாள். சில்லு ஈரச் சோப்பு போல நழுவி அந்தப் பக்கம் போய், விட்டதும் திரும்பி வந்தது. ஃபெர்ன் வாலை ஆட்டினாள்.

நோலின் நல்லவள், நேர்மையானவள் என்று இந்த இடத்தில் எழுதிவிட்டுப் போவது எளிது. அடுத்த சில வாரங்கள் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தத்தினால் என்ன, தத்திக்கொண்டே இவள் மாவட்டத்துக்கே பெரிய வேலைக்காரி இல்லையா என்று தனக்குள் வாதாடினாள். குட்டிகள் தத்த ஆரம்பிக்க ஒரு வருஷம் ஆகும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடாவோ பைக்கோ கிடைத்துவிடும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. ஒரு நல்ல பெட்டை தனக்கு மிஞ்சும், இன்னும் பத்து வருஷம் மலை ஏறலாம். செத்துப்போன லார்க் மேல் கோபம் வந்தது. அந்த ஈற்றுக்குத் தானே தேடிப் பிடித்த வெளியூர்க் கடுவன் மேல் வந்தது. பிறகு கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதாள். இந்த வம்சம் தன் கையால் வந்தது, தன் கையாலேயே நிற்கப்போகிறது என்பதைத் தாங்க முடியவில்லை.

ஃபெர்ன் பருவத்துக்கு வந்தாள். மர்டோவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. க்ளைட் ஊளையிட்டே சொல்லியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பிக்கப்பின் பின்னால் நாய்ப் பெட்டியில் க்ளைட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான்.

ஃபெர்ன் கூண்டின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். மர்டோ பெட்டியின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"தெறக்காத மர்டோ" என்றாள் நோலின்.

அவன் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"இவ பிறவியிலயே இப்படித்தான். கதவு இல்ல."

மர்டோவுக்கு விளங்க நேரம் பிடித்தது. பந்தயத்தில் பார்த்ததை, கேட்டதை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இத்தனை வருஷமாகத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கிவைக்கச் சொன்னால் ஒரு மனிதன் பெருமூச்சு விடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் முகம் சுருங்கியது.

"கதவுதான்" என்றான். "நான் பாத்தேன். சாத்தி வச்சது நான். காத்து அடிக்கும்னு தெரிஞ்சும் கட்டாம விட்டவன் நான். அது விழுந்தப்போ குட்டி கத்தின கத்தல் இன்னும் என் காதுல இருக்கு. நாந்தான் காரணம், நோலின்."

"இல்லங்கறேன்."

"நாந்தான்."

நோலினுக்கு அப்போதுதான் புரிந்தது. கதவு காரணம் என்றால் குட்டிகளுக்கு ஒன்றும் வராது. குட்டிகளுக்கு ஒன்றும் வராது என்றால் அவளுக்கு ஒரு பெட்டை கிடைக்கும். அதற்காக இந்த மனிதன், ஊரே கேலி செய்த பழியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். ஆலெக்கிடம்கூட அவளுக்கு இப்படி ஒரு பிரியம் தோன்றியது இல்லை.

"கதவு எந்தக் கால்ல விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"இடது."

"வா. வலது காலத் தொட்டுப் பாரு."

அவன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் வலைக் கதவைத் திறந்து ஃபெர்னை வெளியே கூட்டி வந்து அவன் முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவன் தேய்த்த கால்சட்டையோடு மண்ணில் முழங்காலிட்டான். அந்தப் பெரிய விரல் முட்டியில் பட்டது. சில்லு நழுவியது. அவன் கையை எடுக்கவில்லை. தள்ளிப் பார்த்தான், திரும்ப வந்தது, மறுபடி தள்ளிப் பார்த்தான். பிறகு எழுந்து போய், பெட்டித் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தான். உள்ளே க்ளைட் எங்கள் எல்லார் பரம்பரையையும் திட்டிக்கொண்டிருந்தது.

ஃபெர்னை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு இருவரும் வாசல் படியில் டீயோடு உட்கார்ந்தார்கள். மர்டோ இன்னும் ஒரு தடவை முயன்றான்.

"ஒரே ஒரு ஈத்து. அதுல ரெண்டு நல்லதா வராதா?"

"வரும். மத்ததெல்லாம் யாரு தோள்ல எறங்கி வரும்?"

அவன் டீயைக் குடித்தான். எட்னாவின் பெட்டை சினையாயிற்றே என்றான்.

"தெரியும். அவளுக்குத்தான் முதல்ல போன் பண்ணணும். பாவி, எனக்கு கேக் செஞ்சு அனுப்பினா போன வாரம்."

அடுத்த வாரம் ஃபெர்னை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய், பருவம் அடங்கியதும் இனி ஈனாதபடி ஆபரேஷன் செய்ய நாள் குறித்துவிடப் போவதாக நோலின் சொன்னாள். சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. எதிரே மலை நின்றது. முதல் பனிக்கு முன்னால் ஒரு தடவை ஃபெர்ன் ஏறிவிடுவாள். அடுத்த வருஷமும் ஒருவேளை ஏறுவாள்.

மர்டோவும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்து மூடினான். அவன் என்ன சொல்ல நினைக்கிறான், ஏன் சொல்லாமல் நிறுத்துகிறான் என்று நோலினுக்குத் தெரிந்தது. நேற்றுவரை அவன் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அது கதவின் பேரில் வந்தது. அவள் கேட்க வேண்டியதில்லை, அவன் சொல்ல வேண்டியதில்லை. இப்போது கதவு இல்லை. அவன் அவளுக்குக் கடன் எதுவும் பட்டிருக்கவில்லை. தானாக எடுத்துக் கொடுத்தால் அது இரக்கம் போல் ஆகிவிடும், இரக்கப்பட்டவனை நோலின் சும்மா விடமாட்டாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

விஸ்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை ஏற இறங்கப் பார்த்துப் பழகியவள் அவள். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரிடமும் போய் ஒரு நாய் வேண்டும் என்று நின்றதில்லை. காது சுட்டது. டீக் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"க்ளைட்டுக்கு இந்த வருஷம் வேற எங்கயாவது ஈத்து இருக்கா?"

"கீழ்க்கரையில ஒண்ணு இருக்கு. நல்ல தாய். அடுத்த மாசம் ஈனும்."

"அதுல முதல் தேர்வு உனக்குத்தானே."

"எனக்குத்தான்."

"எனக்குக் குடுப்பியா?"

மர்டோ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"கடுவனா, பெட்டையா?" என்றான்.

"பெட்டை. ஆனா ரெண்டு முட்டியையும் புடிச்சுப் பாக்காம வாங்க மாட்டேன்."

"பாரு" என்றான் மர்டோ. "நானும் கூட வந்து பாக்கறேன்."